“எல்லாம் உங்களுக்குத்தான்” என்கிறார் மாமனார், எழுத்தில் ஒன்றுமில்லை

கேள்வி: அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில், டோமா நகருக்குப் பக்கத்தில், என் கணவர் குடும்பத்தின் கிரான்பெர்ரி (சிறு சிவப்புப் பழம்) தோட்டத்தில் வசிக்கிறோம். கணவர் இந்த ஊர்க்காரர். தோட்டத்தில் அவர் நான்காம் தலைமுறை. பாத்தி 90 ஏக்கர். அதைச் சுற்றி ஏரி, காடு, சதுப்பு என்று இன்னும் பல நூறு ஏக்கர். மாமனாருக்கு வயது 72. கணவர் 14 வருடமாக அவரிடம் சம்பளத்துக்குத்தான் வேலை செய்கிறார். மே மாதப் பனி இரவுகளில் இன்னமும் மாமனார்தான் எழுந்து போய் பம்ப் போடுகிறார், கணவர் கூடப் போய் நிற்கிறார். பழைய பாத்திகளைப் பிடுங்கிப் புது ரகம் நடலாம் என்றால் “இப்போது வேண்டாம்” என்கிறார். “எல்லாம் உங்களுக்குத்தான்” என்றும் சொல்கிறார், ஆனால் எழுத்தில் ஒன்றுமில்லை. மினியாபோலிஸில் இருக்கும் நாத்தனாரும், அறுவடைக்கு மட்டும் வந்து உதவும் கொழுந்தனாரும் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு எதிர்பார்க்கிறார்கள். நான் மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். எங்கள் மருத்துவக் காப்பீடு என் வேலையில்தான் வருகிறது. பம்ப் வாங்க என் சேமிப்பிலிருந்து 40,000 டாலரும் கொடுத்திருக்கிறேன். வெளியிலிருந்து வந்த மருமகள் நான் இதைப் பேசலாமா? இல்லை, நாங்கள் கிளம்பிவிடுவதுதான் நல்லதா?

— ஒரு வாசகி, விஸ்கான்சின்

பதில்:

அன்புச் சகோதரி,

உங்கள் இரண்டு கேள்விகளுக்கும் முதலில் நேராகப் பதில் சொல்லிவிடுகிறேன். பேசலாம், பேசத்தான் வேண்டும். கிளம்புவது பற்றி இப்போதைக்கு முடிவெடுக்க வேண்டாம். விஸ்கான்சின் விவசாயக் குடும்பங்களில் சொத்தும் தொழிலும் கைமாறும்போது ஆலோசனை சொல்வதுதான் என் தொழில். நிலத்தை யார் பெயருக்கு எழுதுவது என்று ஆரம்பிக்கும் பேச்சு, பெரும்பாலும் அந்த இடத்திலேயே முட்டிக்கொண்டு நின்றுவிடும். உங்கள் வீட்டில் கணவர் கைக்கு வேலை முழுவதும் வந்து சேர்ந்துவிட்டது, ஒரு முடிவுகூட வந்து சேரவில்லை. அதனால் கணக்குப் புத்தகத்தைப் பார்க்கும் உரிமையையும், ஏதாவது ஒரு விஷயத்தில் முடிவெடுக்கும் உரிமையையும் முதலில் கேளுங்கள். நிலம் அப்புறம்.

பனி இரவு பற்றிப் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு உங்கள் கடிதத்திலேயே முக்கியமான வரி அதுதான். மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: கிரான்பெர்ரி பாத்தி சுற்றுத் தரையைவிடத் தாழ்வானது. மேகமும் காற்றும் இல்லாத இரவில் குளிர் அங்கே இறங்கித் தேங்கிவிடும். வீட்டு வாசல் வெப்பமானி உறைநிலைக்கு மேலே காட்டிக்கொண்டிருக்கும்போதே பாத்தியில் மொட்டு செத்துப்போகும். ஸ்பிரிங்க்ளரைத் திறந்துவிட்டால் தண்ணீர் கொடிமேல் விழுந்து உறையும். உறையும்போது அது வெளிவிடும் வெப்பம்தான் மொட்டைக் காப்பாற்றுகிறது. நடுவில் நிறுத்தக் கூடாது. விடிந்து, வெயில் ஏறி, பனிக்கட்டி உருகும்வரை பம்ப் ஓடியாக வேண்டும். அவசரப்பட்டுப் போட்டால் எரிபொருளும் தண்ணீரும் வீண். தாமதித்தால் ஒரு வருட விளைச்சலே போய்விடும். இதைத் தீர்மானிப்பவர் கையில்தான் அந்த இரவு தோட்டம் இருக்கிறது.

14 வருடம் பக்கத்தில் நின்றவருக்கு அந்தக் கணிப்பு வராமல் இருக்காது. வரும் வசந்தத்தில் பனி இரவுகள் முழுக்கக் கணவர் பொறுப்பு என்று கேட்டு வாங்குங்கள். மாமனார் வீட்டில் தூங்கட்டும், காலையில் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். இதற்கு வழக்கறிஞர் வேண்டாம், வரி இல்லை, நாத்தனாரின் சம்மதமும் தேவையில்லை. அது நன்றாக நடந்தால் அடுத்து உரமும் மருந்தும், ஜூன் கடைசியில் பூக்கும்போது தேனீப் பெட்டிகளை வாடகைக்கு எடுப்பதும். அதற்கடுத்து ஒரு தொகை வரைக்கும் காசோலையில் கையெழுத்து. ஒவ்வொன்றையும் என்றைக்கு, எது, எவ்வளவு வரை என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளட்டும். சிலர் இதை அப்பா பிள்ளைக்குள் எதற்கு என்பார்கள். அப்பா பிள்ளை என்பதால்தான் எழுத வேண்டும். அடுத்தவரிடம் கேட்கிற மாதிரி அப்பாவிடம் “நீங்கள் சொன்னீர்களே” என்று கேட்க முடியாது.

இன்னொன்று. மாமனாரின் “இப்போது வேண்டாம்” என்பதை வெறும் பிடிவாதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 1999இல் அவர் நாற்பதுகளின் நடுவில் இருந்திருப்பார். 1996 வாக்கில் ஒரு பேரல், அதாவது 100 பவுண்டு பழம், 60 டாலருக்கு மேல் போனது. எல்லோரும் புதுப் பாத்தி போட்டார்கள், பழம் குவிந்தது. 1999இல் அதே பேரல் 20 டாலருக்கும் கீழே வந்துவிட்டது. உற்பத்திச் செலவுக்கே எட்டாத விலை அது. 2000த்திலும் 2001லும் ஒவ்வொரு விவசாயியும் எவ்வளவு விற்கலாம் என்று அரசே அளவு வைக்க வேண்டியிருந்தது. கடன் வாங்கிப் பாத்தி போட்டவர்கள்தான் அதில் அதிகம் அடிபட்டார்கள். அவருக்கு முந்தின தலைமுறைக்கு 1959 இருந்தது: நவம்பர் 9 அன்று, கிரான்பெர்ரி அதிகம் விற்கும் நன்றி நவிலல் (Thanksgiving) பண்டிகைக்குப் பதினேழே நாள் இருக்கும்போது, சுகாதாரத் துறைச் செயலர் ஆர்தர் ஃபிளெமிங் சில சரக்குகளில் அமினோட்ரையசோல் என்ற களைக்கொல்லியின் மிச்சம் இருக்கிறது என்று அறிவித்தார். அந்தப் பண்டிகை விற்பனை அப்படியே படுத்துவிட்டது. புதுப் பாத்திக்குக் கடன் என்று மகன் சொல்லும்போது மாமனாருக்கு இதெல்லாம்தான் ஞாபகம் வரும். “1999இல் என்ன செய்து சமாளித்தீர்கள், மாமா?” என்று ஒரு நாள் உட்கார்ந்து கேளுங்கள். கணவர் இதுவரை கேட்டிருக்கவே மாட்டார் என்று நினைக்கிறேன்.

இனி கணக்கு. உங்கள் தோட்டத்து எண்கள் எனக்குத் தெரியாது; இங்கே சாதாரணமாகக் கிடைக்கும் அளவை வைத்துப் போட்டுக் காட்டுகிறேன். ஏக்கருக்கு 220 பேரல் என்றால் 90 ஏக்கருக்கு 19,800 பேரல். பேரலுக்கு 35 டாலர் கிடைத்தால் 6.93 லட்சம் டாலர். விலை 10 டாலர் இறங்கினால் ஏறக்குறைய 2 லட்சம் டாலர் குறையும், செலவு ஒரு காசுகூடக் குறையாது. கடந்த பத்து வருடத்தில் நல்ல வருடம் எது, மோசமான வருடம் எது, அப்போது குடும்பம் எதை வைத்துச் சாப்பிட்டது என்று தெரியாமல் யாரும் பங்கைப் பற்றிப் பேசக் கூடாது. நாத்தனாருக்கும் கொழுந்தனாருக்கும் இந்தப் புத்தகம் திறந்தே இருக்க வேண்டும். நிலத்தின் சந்தை மதிப்பு மட்டும் தெரிந்து வருமானம் தெரியாதவர்களுக்கு, தோட்டத்தில் இருக்கும் அண்ணன் பெரிய சொத்தில் உட்கார்ந்திருப்பதாகத்தான் தோன்றும்.

பாத்தி மாற்றும் விஷயத்தையும் இதே மாதிரி எண்ணில் பாருங்கள். பழைய கொடியைப் பிடுங்கி, தரையை மட்டம் பண்ணி, மணல் போட்டு, ஹைரெட், முல்லிகா குயின் மாதிரி புது ரகம் நட ஏக்கருக்கு 30,000 டாலருக்கு மேல் ஆவது சாதாரணம். நட்ட பிறகு ஓரளவு காய்க்கவே மூன்று நான்கு வருடம். உங்கள் ஆக மோசமான 3 ஏக்கர் பாத்தி ஏக்கருக்கு 120 பேரல் கொடுக்கிறது, புது ரகம் 250 கொடுக்கும் என்று வைப்போம். கூடுதலாக வருடம் 390 பேரல். 35 டாலர் விலையில் 13,650 டாலர். போட்ட 90,000 திரும்ப ஆறேழு வருடம். காய்க்காத வருடங்களையும் அப்போது இழக்கும் பழத்தையும் சேர்த்தால் பத்து வருடத்தைத் தாண்டிவிடும். 72 வயதுக்காரர் எதற்கு அந்தக் கடனில் கையெழுத்துப் போட வேண்டும்? அவரிடம் கேட்பதே தவறான ஆளிடம் கேட்பது. லாபத்தை அனுபவிக்கப்போகிறவர் உங்கள் கணவர். செலவும் கடனும் முடிவும் அவருடையதாக இருக்கட்டும்.

அதற்கு ஒரு வழி உண்டு. அந்த 3 ஏக்கரையும் அதற்கு வேண்டிய தண்ணீர் உரிமையையும் கணவர் பெயருக்கு எழுத்துக் குத்தகையாக வாங்குங்கள். வாடகை வாங்கும் விவசாயக் குத்தகையை 15 வருடத்துக்கு மேல் போட விஸ்கான்சின் அரசியலமைப்பே அனுமதிப்பதில்லை. ஆனால் 15 வருடம் இந்த முதலீட்டுக்குப் போதும். கணவர் சொந்தமாக நடத்தி, சொந்த வருமானம் காட்டுகிற முதல் பாத்தியாக அது இருக்கும். இதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. மத்திய அரசின் விவசாயக் கடன் அலுவலகம் புது விவசாயிகளுக்கு நிலம் வாங்கத் தனிக் கடன் தருகிறது. ஆனால் விண்ணப்பிப்பவர் பண்ணை நிர்வாகத்தில் பங்கெடுத்திருக்கிறாரா என்று கேட்பார்கள். வெறும் சம்பளச் சீட்டைக் காட்டி அதை நிரூபிப்பது கஷ்டம். குத்தகையும், கையெழுத்திட்ட பொறுப்புத் தாளும் அங்கே ஆதாரமாகும்.

பங்கு விஷயத்துக்கு வருகிறேன். மூன்று பிள்ளைகள் இருக்கும் வீட்டில் யாராவது ஒருவர் சமாதானமாகச் சொல்வார்: “பாத்தியை நீ எடுத்துக்கொள், சும்மா கிடக்கும் காடும் ஏரியும் எங்களுக்கு.” கேட்க மிகவும் நியாயமாக இருக்கும். தயவுசெய்து இதற்கு மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள். கிரான்பெர்ரி தோட்டத்தில் சும்மா கிடக்கும் நிலம் என்று ஒன்று கிடையாது. விஸ்கான்சினில் ஒரு ஏக்கர் பாத்திக்குப் பின்னால் பல ஏக்கர் ஏரியும் சதுப்பும் மேட்டுக்காடும் வைத்திருப்பது தண்ணீருக்காகத்தான். அறுவடையில் பழத்தை மிதக்கவைத்து எடுக்க, 3 ஏக்கர் பாத்தியில் ஓரடித் தண்ணீர் நிறுத்தவே சுமார் 37 லட்சம் லிட்டர் வேண்டும். அந்தத் தண்ணீர் மேல் ஏரியிலிருந்து மதகு வழியாக வாய்க்காலுக்கு வந்து, ஒரு பாத்தியில் அறுவடை முடிந்ததும் அடுத்த பாத்திக்கு இறங்கி, கடைசியில் கீழ் ஏரியில் சேர்கிறது. குளிர்காலத்தில் கொடியைப் பனிக்கட்டிக்குள் மூடி வைப்பதும் அதே தண்ணீர்தான், மே இரவில் ஸ்பிரிங்க்ளருக்கு வருவதும் அதுதான். கிரான்பெர்ரி விவசாயிகள் அணை கட்டவும் வாய்க்கால் வெட்டவும் இந்த மாநிலம் 1867லேயே தனிச் சட்டம் போட்டது என்றால், இங்கே தண்ணீரின் இடம் என்னவென்று புரியும்.

மேல் ஏரி நாத்தனார் பங்குக்குப் போய், அவர் பிள்ளைகள் காலத்தில் அதை விடுமுறை வீடு கட்டுகிறவருக்கு விற்றுவிட்டால் என்ன ஆகும்? அக்டோபரில் ஏரி வற்றுகிறது, படகு தரை தட்டுகிறது என்று அவர் வழக்குப் போடுவார். பாத்தி முழுவதும் உங்கள் பெயரில் இருந்தும் அறுவடைக்குத் தண்ணீர் இருக்காது. மணல் எடுக்கும் மேடும் அப்படியே. குளிர்காலத்தில் பனிக்கட்டிமேல் மணல் பரப்புவதற்குச் சில வருடத்துக்கொரு முறை அது வேண்டும். பாத்தி, ஏரி, மதகு, வாய்க்கால், மணல் மேடு ஐந்தும் ஒரே பத்திரத்துக்குள் இருக்கட்டும். வாய்க்காலோடு சம்பந்தமே இல்லாத தனிக் காடோ, சாலையோர மனையோ இருந்தால் அதைத் தாராளமாகப் பிரித்துக் கொடுக்கலாம்.

அப்படியானால் மற்ற இருவருக்கும் என்ன என்பது நியாயமான கேள்வி. அவர்களும் அந்த வீட்டில் பிறந்தவர்கள், சின்ன வயதில் அறுவடைத் தண்ணீரில் நின்றவர்கள்தான். பல குடும்பங்களில் நிலத்தை எல்.எல்.சி. என்ற வகைக் குடும்ப நிறுவனத்தின் பெயருக்கு மாற்றி, மூவருக்கும் பங்கு கொடுத்து, வாக்குரிமையை மட்டும் தோட்டம் நடத்துபவரிடம் விடுகிறார்கள். நடத்துபவர் அந்த எல்.எல்.சி.க்குக் குத்தகை கட்டுகிறார். அந்தப் பணம் மூவருக்கும் பிரிகிறது. யாராவது பங்கை விற்க நினைத்தால் முதலில் கூடப்பிறந்தவர்களுக்குத்தான் விற்க வேண்டும், விலையை எப்படிக் கணக்கிடுவது, எத்தனை வருடத் தவணை என்பதையெல்லாம் இன்றைக்கே எழுதிவிடுகிறார்கள். தோட்டத்துக்கு வெளியே மாமனாரிடம் சேமிப்பு இருந்தால் அதில் பெரிய பகுதி அவர்களுக்குப் போகலாம். கணவர் 14 வருடம் சந்தை நிலவரத்தைவிடக் குறைந்த சம்பளத்துக்கு உழைத்திருந்தால், அந்த வித்தியாசத்தை வருடவாரியாக எழுதி மேசையில் வையுங்கள். எண்ணாகக் காட்டினால் கணக்கு, வாயால் சொன்னால் குறை.

ஆனால் இதற்கெல்லாம் முன்பு மாமனார், மாமியார் இருவரின் மிச்ச வாழ்நாளுக்கும் வருமானம் எங்கிருந்து என்று தெரிய வேண்டும். வேலையை விட்டால் கையில் என்ன வரும் என்று தெரியாத மனிதர் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட மாட்டார், போடவும் கூடாது. சோஷியல் செக்யூரிட்டி (அரசு ஓய்வூதியம்) எவ்வளவு வரும், வீடு அவர்கள் ஆயுள்வரை அவர்களுடையதாக இருக்குமா, குத்தகையில் மாதம் எவ்வளவு அவர்களுக்கு என்பதைக் கேளுங்கள். முதியோர் பராமரிப்பு இல்லச் செலவையும் மறக்காதீர்கள். அரசு உதவி கேட்கும்போது முந்தைய ஐந்து வருடத்தில் சொத்தை யாருக்காவது சும்மா எழுதிக் கொடுத்தார்களா என்று பார்ப்பார்கள்.

இப்போதே தானமாக எழுதிவிட்டால் என்ன என்று யாராவது யோசனை சொன்னால் நிதானியுங்கள். உயிரோடு இருக்கும்போது தானமாக வரும் நிலத்துக்குக் கொடுத்தவர் வாங்கிய பழைய விலையே, வரிக்கு லாபத்தைக் கணக்கிடும் அடிப்படை விலையாகத் தொடரும். பிற்பாடு விற்றால் மொத்த லாபத்துக்கும் வரி. இறந்த பிறகு வாரிசாக வந்தால் அன்றைய சந்தை மதிப்பே அடிப்படையாகும். மத்திய அரசின் வாரிசு வரிக்கான விலக்கு 2026இல் ஒருவருக்கு 1.5 கோடி டாலர். விஸ்கான்சினில் மாநில வாரிசு வரியும் இல்லை. எனவே உங்களைப் போன்ற பெரும்பாலான குடும்பங்களுக்கு வாரிசு வரியைவிட இந்த அடிப்படை விலைதான் பெரிய விஷயம். நிர்வாகத்தை இப்போதே வாங்கிக்கொண்டு, நிலத்தை மெதுவாக வாங்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

கடிதத்தில் மாமியாரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கணக்கெழுதுவது யார்? பெரும்பாலும் அவராகத்தான் இருப்பார். 1986 முதல் விஸ்கான்சினில் கணவன் மனைவி சொத்துச் சட்டம் இருக்கிறது. மணவாழ்க்கையில் சேர்த்ததில் பாதி மனைவியுடையது. எதெது மாமனாருக்குப் பரம்பரையாக வந்தது, எதெது இருவரும் சேர்த்தது என்று வழக்கறிஞர்தான் பிரித்துச் சொல்ல முடியும். எப்படியும் அவர் சம்மதம் இல்லாமல் வீட்டில் எதுவும் நகராது. முதல் பேச்சை அவரிடமிருந்து ஆரம்பியுங்கள்.

உங்கள் 40,000 டாலரைக் கடன் பத்திரமாக எழுதி வாங்கிவிடுங்கள். வட்டி, தவணை எல்லாம் போட்டு. சங்கடமாக இருக்கும்தான். ஆனாலும் எழுதுங்கள். இன்னொரு விஷயத்துக்கும் மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். நிலம் கைமாறும் நேரத்தில், விவாகரத்து நேர்ந்தால் மருமகள் தோட்டத்தில் பங்கு கேட்கக் கூடாது என்று ஒப்பந்தம் கேட்பார்கள். இங்கே பிறந்த மருமகள்களிடமும் கேட்பார்கள், நீங்கள் வெளிநாட்டிலிருந்து வந்தவர் என்பதற்காக இல்லை. அவமானமாக நினைக்காதீர்கள், ஆனால் அப்படியே கையெழுத்தும் போடாதீர்கள். உங்களுக்கென்று தனி வழக்கறிஞர் வையுங்கள். நீங்கள் போட்ட பணமும், உங்கள் சம்பளத்தையும் காப்பீட்டையும் நம்பிக் குடும்பம் ஓடிய வருடங்களும் அந்த ஒப்பந்தத்தில் மதிப்புப் பெற வேண்டும். மாதச் சம்பளமும் காப்பீடும் உங்களிடமிருந்து வருவதால்தான் கணவர் குறைந்த சம்பளத்தில் இத்தனை வருடம் தோட்டத்தில் இருக்க முடிந்தது. உங்களுக்குப் பேச உரிமை இருக்கிறதா என்ற கேள்விக்கு என் பதில் அதில் இருக்கிறது.

பழம் எடுத்துக்கொள்ளும் நிறுவனத்தோடு உள்ள ஒப்பந்தத்தையும் பாருங்கள். ஓஷன் ஸ்ப்ரே போன்ற கூட்டுறவில் உறுப்பினர் என்றால் ஒப்பந்தமும் பங்கும் யார் பெயரில் என்று கேளுங்கள். நிலத்தோடு அதுவும் தானாக மாறிவிடும் என்று நம்பிவிடக் கூடாது. பழத்தை வாங்க ஆள் இல்லாத பாத்திக்கு மதிப்பில்லை.

எப்போது பேசுவது? நவம்பர் கடைசியில் நன்றி நவிலலுக்கு எல்லோரும் வீட்டுக்கு வருவார்கள், அப்போதே பேசிவிடலாம் என்று தோன்றும். வேண்டாம். அந்தச் சாப்பாட்டு மேசையில் “ஜனவரியில் ஒரு நாள் உட்காரலாமா?” என்று தேதி மட்டும் வாங்குங்கள். ஜனவரியில் பாத்திகள் உறைந்திருக்கும், மாமனாருக்கும் ஓய்வு கிடைக்கும். வீட்டுக்கு வெளியே ஒரு இடம் பாருங்கள். நடுநிலையான ஒருவரும் இருக்கட்டும். விஸ்கான்சின் வேளாண் துறையின் ஃபார்ம் சென்டர் இதற்கு இலவசமாக உதவுகிறது. வழக்கறிஞரிடம் போவதற்கு முன் அவர்களிடம் போனால் செலவும் மிச்சம். முதல் நாள் பங்கைப் பற்றிப் பேச வேண்டாம். மூன்று பிள்ளைகளும் பெற்றோரும் பத்து வருடம் கழித்துத் தோட்டம் எப்படி இருக்க வேண்டும் என்று ஆளுக்கொரு தாளில் எழுதி வரட்டும். கொழுந்தனார் ஒருவேளை முழு நேரமாகத் திரும்பி வர ஆசைப்படலாம். அதை இப்போதே தெரிந்துகொள்வது எல்லோருக்கும் நல்லது.

கிளம்புவது பற்றி: அடுத்த அறுவடை முடியும்வரை ஒரு கெடு வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் பனி இரவுகள் கணவர் கைக்கு வந்து, கணக்குப் புத்தகம் திறந்து, ஒரு பாத்திக் குத்தகையாவது எழுதப்பட்டிருந்தால் இருங்கள். மாமனார் மனதார நகர்கிறார் என்று அர்த்தம். மூன்றில் ஒன்றுகூட நடக்காவிட்டால், கணவர் வேறு தோட்டத்தில் மேலாளர் வேலைக்கு விண்ணப்பிப்பதில் தப்பே இல்லை. தண்ணீரும் பனியும் தெரிந்த ஆளை இந்தச் சுற்றுவட்டாரத்தில் யாரும் விட மாட்டார்கள். அந்தக் கெடுவைக் கணவரே அப்பாவிடம் நேரில், கோபமில்லாத ஒரு நாளில் சொல்லிவிட வேண்டும். அவருக்குப் பதிலாக நீங்கள் சொல்லாதீர்கள்.